யாரிடம் சொல்வது?

1980-களில் எங்கள் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. சதை எடுத்துச் சோதித்த பிறகு டாக்டர் வெளியே வந்து, பெரியப்பாவை மட்டும் வராந்தா ஓரத்துக்குக் கூப்பிட்டார். பெரியம்மா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த பெரியப்பா, "நீர்க்கட்டிதானாம்" என்றார்.

அதன் பிறகு பதினான்கு மாதம், வீடு மொத்தமும் அந்த நீர்க்கட்டியைக் கட்டிக் காத்தது. கரண்டு (கதிர்வீச்சு) வைக்கச் சென்னைக்குக் கூட்டிப்போனோம். ஆஸ்பத்திரி வாசலில் புற்றுநோய் என்று பெரிய பலகை இருந்தது. பெரியம்மா எழுத்துக் கூட்டாமல் தினத்தந்தி படிக்கிறவர். பலகையைப் படிக்காமலா இருந்திருப்பார்? அவர் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய வழக்கம் அது. 1961-இல் டொனால்ட் ஓக்கன் என்பவர் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர், புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். இடையில் சிகிச்சை வளர்ந்திருந்தது. நோயாளியின் உரிமை பற்றிய பேச்சும் வலுத்திருந்தது.

நம் ஊரில் அது மெல்லத்தான் வந்தது. "டாக்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சும் மகனிடம் எந்த டாக்டர் மறுத்துப் பேசுவார்? அது பாசம்தான். ஆனால் அந்தப் பாசம் பெரியம்மாவை அவர் வீட்டுக்குள்ளேயே தனியாளாக்கிவிட்டது. மதுரையில் இருந்த தம்பியோடு அவருக்குப் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பேசித் தீர்க்க நாள் இருந்தது. எத்தனை நாள் என்பதைத்தான் நாங்கள் மறைத்துவிட்டோம்.

பிறகு சட்டமும் பேசியது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், மயக்கம் தெளிந்தபின் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக, உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், அவர் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது. 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து, நோயாளியிடம் பேசுவது பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றது. வட்டார மொழிப் பயிற்சியும் உண்டு.

சென்ற ஆண்டு என் தங்கைக்கும் அதே மாதிரிக் கட்டி. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே ரிப்போர்ட் அவள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் தன்னந்தனியாக நின்று படித்திருக்கிறாள். பெரியம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை; இவளுக்கு ஒரு பி.டி.எஃப். சொன்னது. இரண்டில் எது கொடுமை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். நான் எழுந்து, "டாக்டர், கொஞ்சம் வெளியே..." என்று ஆரம்பித்தேன். நாற்பது வருடம் கழித்தும் என் வாயில் முதலில் வந்தது அதுதான். டாக்டரம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தங்கை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரிப்போர்ட் பாத்துட்டீங்களாம்மா? என்ன புரிஞ்சுது, சொல்லுங்க."

தங்கை சொல்லச் சொல்லக் குறுக்கே பேசவில்லை. பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் மார்பை வரைந்து, கட்டி எங்கே, எதை எடுப்பார்கள், எது மிஞ்சும் என்று பேனாவால் காட்டினார். கேன்சர் என்ற சொல்லைத் தயங்காமல் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். தங்கை அழுது முடிக்கும்வரை டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே நாற்பது டோக்கன் காத்திருந்தது எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் இப்படி நேரம் கிடைக்காது என்பதும் தெரியும். கடைசியில், "நான் சொன்னதை உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்க" என்றார். தங்கை இரண்டு இடத்தில் தவறினாள். அதை மட்டும் திரும்ப விளக்கினார்.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம் டாக்டர். நான் பந்தலில் நிக்கணும். எந்தத் தேதியில ஆபரேஷன் வெச்சா முடியும்?"

டாக்டர் மேசைக் காலண்டரைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தார்.