கதிருக்குக் கட்டியை ஆட்படுத்தும் மருந்துகள்

கலைச்சொல்லாக்கம் பற்றி வகுப்பில் பேசும்போது மிதிவண்டி, தொலைக்காட்சி என எளிய சொற்களையே எடுத்துக்காட்டி நின்றுவிடுகிறோம். உயிரோடு தொடர்புடைய சொற்கள் பல இன்னும் நிலைபெறாமலே கிடக்கின்றன. புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் செய்யும்போது, கட்டியை அக்கதிருக்கு எளிதில் ஆட்படச் செய்யும் மருந்துகள் சில உள. அவற்றைக் ‘கதிர் உணர்வூக்கி’ என்று சொல்லிப் பார்க்கலாம். ஆயினும், வேதியியலில் வினையூக்கி என்னும் சொல் முன்பே வேறு பொருளில் வழங்கி வருவதால் மயக்கம் நேரக்கூடும். ‘துணைமருந்து’ என்பதோ மயக்கத்தினும் பெரிய தீங்காகும். துணை என்றதும், இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை என்று நோயாளியின் வீட்டார் கருதிவிடுவர். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் மக்கள் இதனைக் ‘கரண்ட் வைக்கும்போது ஏற்றுகிற மருந்து’ என்கின்றனர். என் நோக்கில் அதுவே பொருளை ஓரளவு சரியாகச் சுட்டுகிறது.

பிள்ளையார்பாளையத்தில் வாழ்வோர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை நம் நகரையடுத்த காரப்பேட்டையில் உள்ளது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையமோ இத்துறையில் முன்னோடி. வாய்ப்புற்றுக்குப் பிளியோமைசின் என்னும் மருந்தைக் கதிரோடு இணைத்து ஆராய்ந்த முடிவுகளை, அந்நிலையத்தின் மருத்துவர்கள் வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1980இல் இங்கிலாந்தின் கதிரியல் இதழொன்றில் வெளியிட்டனர். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் நாட்டில் அவ்வாராய்ச்சி நடந்தது பொருத்தமே.

கதிர் என்ன செய்கிறது? உயிரணுவினுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபிழை, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட இரு புரிகளால் ஆனது. கதிர் அப்புரிகளை அறுக்கிறது. இங்கே தறியை நினைத்துக்கொள்வது நலம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் ஓட்டத்தை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடி எடுத்து முடிந்த பின்னரே மேலே நெய்வார். உயிரணுவும் அவ்வாறே பிரிதலை நிறுத்தி, அறுந்ததைச் செப்பனிடுகிறது. ஒரு புரி மட்டும் அறுந்தால் மறுபுரியைப் பார்த்துச் சரிசெய்துவிடும். இரண்டும் ஓரிடத்தில் அறுந்தால் செப்பனிடுதல் அரிது. கட்டியின் அணுக்கள் முடிந்துகொள்ளா வண்ணம் தடுத்துவிட்டால் அதே அளவு கதிர் கூடுதலாக அழிக்கும். கதிரின் அளவையே உயர்த்தினால் ஆகாதோ எனில், அருகிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியும் தண்டுவடமும் தாடையெலும்பும் தாங்கா.

முதலில் கண்டறியப்பட்ட கூர்மையாக்கி நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜன்தான். கதிர் உண்டாக்கிய ஊறு ஆக்சிஜன் இருக்குமிடத்தில் நிலைத்துவிடுகிறது. இல்லாத இடத்தில் அவ்வூறு பெருமளவு தானே மாறிவிடுகிறது. ஆக்சிஜன் அற்ற அணுக்களைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவை. இங்கிலாந்தின் எல். எச். கிரேயும் அவர்தம் குழுவினரும் இதன் மருத்துவப் பயனை 1953இல் எடுத்துரைத்தனர். இன்று கதிரின் அளவைக் ‘கிரே’ என்று எண்ணுவது அவர் பெயரால்தான். குருதிக்குழாயினின்று ஆக்சிஜன் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் தொலைவே ஊடுருவும். தாறுமாறாக வளரும் கட்டியில் அதற்கப்பால் உள்ள அணுக்கள் மூச்சுமுட்டிக் கிடக்கின்றன. அந்நிலையே அவற்றுக்குக் கேடயமாகிறது என்பதுதான் வியப்பு.

நோயாளியை அழுத்தமிகு ஆக்சிஜன் கூண்டில் வைத்துக் கதிர் பாய்ச்சும் முறை 1955இல் இலண்டனில் தொடங்கியது; நடைமுறைக்குக் கடினமாயிருந்தது. பின்னர் ஆக்சிஜனின் வேலையைச் செய்யும் வேதிப்பொருள்களை நாடினர். மிசோனிடசோல் நரம்புகளைக் கெடுத்தது. நிமோரசோல் டென்மார்க்கில் தேறியது: 1998இல் வெளியான ஆய்வில், தொண்டைப்புற்று கதிரோடு மட்டும் 33 விழுக்காட்டினர்க்கும், நிமோரசோல் சேர்த்தபோது 49 விழுக்காட்டினர்க்கும் கட்டுப்பட்டது. ஆயினும் பின்னாளில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு அப்பயனை உறுதிசெய்யவில்லை.

இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குவது சிஸ்பிளாட்டின். இது பிளாட்டினம் என்னும் உலோகத்தாலானது. பொன்னும் வெள்ளியும் சரிகையாகப் புழங்கும் ஊரில், அவற்றினத்து உலோகமொன்று நரம்பில் ஏற்றும் மருந்தாவது மாணவர்க்குச் சுவையான செய்தியாகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியாக்கள் வளரும் நீரில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்தபோது, அவை பிரியாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரமன்று, பிளாட்டினத் தகட்டினின்று கரைந்த சேர்மம் என்பது தெளிந்தது. 1965இல் அது வெளிவந்தது. அச்சேர்மம் மரபிழையில் குறுக்கே பாலமிட்டு ஒட்டிக்கொள்ளும். கதிர் அறுத்ததை முடிய வரும் நொதிகளுக்கு அது தடையாகும்.

கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிரோடு சிஸ்பிளாட்டின் தருவதை ஐந்து ஆய்வுகளின் வலிமையில் 1999இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வற்புறுத்தியது. நோய் முற்றிய நிலையில் வரும் நம் நாட்டுப் பெண்களுக்கும் அது பொருந்துமா என்னும் வினாவை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை எடுத்துக்கொண்டது. மூன்றாம் நிலையினரான 850 பெண்களிடம் நடந்த அவ்வாய்வு 2018இல் வெளியாயிற்று. ஐந்தாண்டுகட்குப் பின் கதிர் மட்டும் பெற்றோரில் 46 விழுக்காட்டினரும், சிஸ்பிளாட்டினும் பெற்றோரில் 54 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். எட்டு விழுக்காடு சிறிதெனத் தோன்றலாம். நூறு குடும்பங்களில் எட்டுக் குடும்பங்களுக்குத் தாய் எஞ்சினாள் என்று படித்தால் அதன் எடை விளங்கும்.

எல்லாரும் இம்மருந்தைத் தாங்குவதில்லை. சிறுநீரகம், செவி இரண்டையும் அது தாக்கும். வாந்தி கடுமையாக வரும். முதுமையாலோ சிறுநீரகக் குறைபாட்டாலோ சிஸ்பிளாட்டின் ஏற்க இயலாத தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 356 பேரிடம் டாட்டா மருத்துவமனையே மற்றோர் ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டது. டோசிடாக்சல் என்னும் மருந்தை, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 15 மில்லிகிராம் என்னும் சிற்றளவில் வாரந்தோறும் கொடுத்தனர். இரண்டாண்டு உயிர்வாழ்வு 41.7 விழுக்காட்டிலிருந்து 50.8 ஆக உயர்ந்தது. ‘இவருக்கு வெறும் கதிர்தான்’ என்று கைவிடப்பட்டோர்க்கு இந்தியாவிலிருந்தே விடை கிடைத்தது பெருமைக்குரியது.

கொரோனாக் காலத்தில், 2021 மே மாதம், 2-டிஜி என்னும் பொடி நாளேடுகளில் அடிபட்டதை வாசகர் நினைவுகூரலாம். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் டில்லி ஆய்வகம் அதனை நெடுநாளாக ஆராய்ந்துவந்தது மூளைக் கட்டிகளைக் கதிருக்கு ஆட்படுத்துவதற்கே. சர்க்கரையைப் போன்ற உருவில் அணுவினுள் நுழைந்து ஆற்றலை முடக்குவதால், செப்பனிடுதல் தளரும் என்பது கருத்து. மூளைக் கட்டிக்கு அது இன்றும் வழக்கமான மருத்துவமாகவில்லை. கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய வகைக்குக் கதிரோடு டெமோசோலமைடு தருவதே 2005 முதல் நடைமுறையாயிற்று.

தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் பெரும்பாலும் வாரம் ஐந்து நாளாக ஏழு வாரம் நடைபெறும். நான்காம் வாரத்தில் வாய் புண்ணாகும்; மருந்து சேர்ந்திருப்பின் மிகுதியாகவே புண்ணாகும். அப்போதுதான் பலர் நின்றுவிடுகின்றனர். இடைவெளி விழுந்தால் எஞ்சிய அணுக்கள் விரைந்து பெருகும். ஏற்ற மருந்தின் பயன் அதனால் வீணாகும். புண்ணுக்கு மருந்துண்டு, விழுங்க இயலாதார்க்கு மூக்குவழிக் குழாயில் உணவளிக்கலாம்.

ரமலானில் மருத்துவம் நடக்க நேர்ந்தால் நம் பெரியோர் ஒன்றை எடுத்துரைத்தல் வேண்டும். நோயுற்றோர்க்கு நோன்பில் விலக்கு உண்டு. சிஸ்பிளாட்டின் ஏற்றும் நாள்களில் நீர் குறைந்தால் சிறுநீரகம் கெடும். அதனால்தான் மருந்துக்கு முன்னும் பின்னும் உப்புநீர் ஏற்றுகின்றனர், கிரியேட்டினின் பார்க்கின்றனர். செவியைப் பற்றியும் ஒரு சொல். காதில் இரைச்சல் எழுந்தால் அடுத்த தவணைக்கு முன்பே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். தறியோசையிலேயே வளர்ந்தவர் அதனை வேறோர் ஓசையென்று கண்டுகொள்ளாமலே இருந்துவிடக்கூடும். ஆகவே வீட்டிலிருப்போர்தாம் கேட்டறிய வேண்டும்.