நாலு ஜிபி போட்டால் ரெண்டுதான் காட்டுது!

ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது. ரொம்ப ஸ்லோ என்று கடையில் கொடுத்து இன்னொரு 2 ஜிபி ராம் போட்டேன். இப்போது 4 ஜிபி என்று காட்டுகிறது. ஆனால் பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு, அதில் 2 ஜிபிதான் பயன்படும் என்கிறது. கடைக்காரர் டூப்ளிகேட் ராமை மாட்டிவிட்டாரா?"

இல்லை. கடைக்காரர் மேல் பழியில்லை, ராமும் அசல்தான். வழியை மறிப்பது விண்டோஸ்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், ஆரம்ப ஆண்டுகளில் வந்த லேப்டாப்புகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். இன்னொன்று, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். விண்டோஸ் 7 வகைகளிலேயே ஆகக் கடைசிப் படி இந்த ஸ்டார்ட்டர். டெஸ்க்டாப்பின் பின்னணிப் படத்தைக்கூட மாற்றவிடாது. ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்களுக்கு மேல் திறக்க முடியாதபடி பூட்டுவதாகவும் முதலில் திட்டம் இருந்தது. 2009-இல் வெளியாவதற்குள் அதைக் கைவிட்டார்கள். ராமுக்குப் போட்ட பூட்டை மட்டும் எடுக்கவில்லை. 2 ஜிபி என்பது அதன் உச்சவரம்பு என்று மைக்ரோசாஃப்ட்டே பட்டியல் போட்டு எழுதிவைத்திருக்கிறது. வாசகரின் 4 ஜிபியில் பாதி சும்மா கிடப்பது வியாபாரக் கணக்கு. அதில் அறிவியல் ஏதுமில்லை.

அறிவியல் வேண்டுமென்றால் ஆம்பூருக்குப் போகவேண்டும். அங்கே ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் நான் பார்த்த கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 7 புரொஃபஷனல், 32 பிட். ராம் 4 ஜிபி, பயன்படுவது 3.25 ஜிபி. இது ஸ்டார்ட்டர் இல்லை, காசு கொடுத்து வாங்கிய நல்ல வகை. 4 ஜிபி வரை அதற்கு உரிமமும் உண்டு. அப்படியானால் முக்கால் ஜிபி எங்கே போனது? ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் பச்சையும் நீலமுமாக ஒரு நீளப் பட்டை தெரியும். அதன் இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு, 768 எம்பி. வன்பொருளுக்கு ஒதுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். ஒதுக்கியது யார், எந்த வன்பொருளுக்கு என்பதையெல்லாம் அது சொல்லாது.

ஆம்பூர் என்றாலே பிரியாணிதான் ஞாபகம் வருகிறது. அதிலேயே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பிரியாணி ஹோட்டல். பில் புத்தகத்தில் டேபிள் நம்பர் எழுத இரண்டே கட்டங்கள். எனவே 00 முதல் 99 வரை நூறு நம்பர்கள். ஹாலிலும் நூறு டேபிள் போட்டுவிட்டார் முதலாளி. ஆனால் சப்ளையருக்கு நம்பரைத் தவிர வேறெதுவும் தெரியாது. பார்சல் கவுண்டருக்குப் போகச் சொல்வதென்றாலும் நம்பர் சொல்லித்தான் அனுப்பவேண்டும். ஆகவே 99 பார்சல் கவுண்டர், 98 கல்லாப்பெட்டி, 97 தேக்சா வைத்த அடுப்பு என்று மேலிருந்து இருபத்தைந்து நம்பர்களை முதலாளி எடுத்துக்கொண்டார். "98" என்று குரல் கொடுத்தால் சப்ளையர் கல்லாவுக்குத்தான் ஓடுவார். ஹாலின் கோடியில் 98 என்று பெயின்ட் அடித்த டேபிளும் இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறது, மேலே ஃபேன் சுற்றுகிறது, ஆனால் அங்கே உட்கார்ந்தவருக்கு இலை வராது. அவருக்குக் கூப்பிடும் நம்பர் இல்லை.

32 பிட் கம்ப்யூட்டரில் நடப்பது இதுதான். 32 கட்டங்களில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. ஒரு பைட்டுக்கு ஓர் எண் வீதம், அதுவே 4 ஜிபி. இந்த எண்களெல்லாம் ராமுக்கே சொந்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புராசஸருக்கோ ராம், கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு என்ற பேதமே கிடையாது. ஓர் எண்ணைச் சொல்லி "படி" என்னும், இன்னோர் எண்ணைச் சொல்லி "எழுது" என்னும். அந்த எண் ராமுக்குப் போகிறதா, திரையில் ஒரு புள்ளியாக மாறுகிறதா என்பதைத் தீர்மானிப்பது மதர்போர்டில் உள்ள சிப்செட். எல்லாச் சாதனங்களுக்கும் இந்த 4 ஜிபி எண்களுக்குள்தான் முகவரி கொடுத்தாகவேண்டும். வழக்கமாக உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கொடுத்துக்கொண்டு வருவார்கள்.

உச்சியில் குடியிருப்பவர்களைப் பாருங்கள். பவர் பட்டனை அழுத்தியதும் இன்டெல் வகை 32 பிட் புராசஸர் முதல் கட்டளையைத் தேடிப் போகும் இடம், 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே. கண் விழித்ததும் அது கேட்பது கிட்டத்தட்ட கடைசி எண்ணை! அங்கே பயாஸ் சிப் இருந்தே ஆகவேண்டும், ராம் இருக்கக் கூடாது. அதற்குக் கீழே, சாதனங்கள் புராசஸரின் கவனத்தை ஈர்க்க மணியடிக்கும் சுற்றுகளுக்கான முகவரிகள். பிறகு பிசிஐ எக்ஸ்பிரஸ். 256 பாதைகள், ஒவ்வொன்றிலும் 32 சாதனங்கள், ஒவ்வொரு சாதனத்துக்கும் 8 வேலைகள், ஒவ்வொரு வேலைக்கும் 4 கேபி என்று அதன் விதி தாராளமாக இடம் கேட்கிறது. பெருக்கிப் பாருங்கள், 256 எம்பி. கம்ப்யூட்டரில் மூன்றே சாதனங்கள் இருந்தாலும் அந்த முகவரிகளை முழுசாக ஒதுக்கிவைப்பதுதான் பல மதர்போர்டுகளின் வழக்கம். கிராஃபிக்ஸ் கார்டு தன் பங்குக்கு இன்னொரு 256 எம்பி கேட்கும். இப்படியே ஆம்பூரின் 768 எம்பி நிரம்பிவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் 'வியூ' மெனுவுக்குள் போய், வளங்களை வகைவாரியாகக் காட்டச் சொல்லி மெமரியை விரித்தால், எந்தச் சாதனம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வளைத்துப்போட்டிருக்கிறது என்ற பட்டா விவரம் வரிசையாக வரும். எனக்குப் பொழுதுபோகாத நாட்களில் நல்ல துணை அது.

பில் புத்தகத்தில் மூன்றாவது கட்டம் சேர்த்தால் தீர்ந்ததே என்பீர்கள். 1995-இலேயே சேர்த்துவிட்டார்கள். இன்டெலின் பென்டியம் புரோவில் பிஏஇ என்ற வசதி வந்தது. முகவரிக்கு 36 கட்டங்கள், 64 ஜிபி வரை தொடலாம். சிப்செட்டும் ஒத்துழைத்தால், நம்பர் பறிபோன ராம் பகுதியை 4 ஜிபிக்கு மேலே தூக்கிவைத்துப் புது நம்பர் கொடுத்துவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி 2004-இல் இரண்டாவது சர்வீஸ் பேக் பெற்றபோது, வேறொரு பாதுகாப்பு வசதிக்காக இந்த பிஏஇயைப் பயன்படுத்தவும் தொடங்கியது. அப்படியிருந்தும் 4 ஜிபிக்கு மேலே இருக்கும் முகவரிகளைத் தொடமாட்டேன் என்றது.

காரணம் பழைய சப்ளையர்கள். ஹோட்டலை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். வழியில்லாமல் கிடந்த டேபிளுக்கு 107 என்று நம்பர் போட்டாயிற்று. பில்லிலும் 107 என்றே எழுதுகிறார்கள். ஆனால் இருபது வருஷமாக இரண்டு கட்டம் மட்டுமே பார்த்துப் பழகிய ஒருவர் அதை 07 என்று படிக்கிறார். நேராக 07-க்குப் போகிறார். அங்கே ஒருவர் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் இலையை எடுத்துப் போட்டுவிட்டு, புது இலை விரித்து, சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிடுகிறார். 107-இல் இருப்பவர் பசியோடு காத்திருக்கிறார். இரண்டு பேரும் கத்தும்போது கடையே நின்றுவிடுகிறது.

இந்தச் சப்ளையர்தான் டிரைவர் எனப்படும் சிறு மென்பொருள். 2008-இல் மைக்ரோசாஃப்ட்டின் மார்க் ருசினோவிச் எழுதிய கட்டுரையில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. வீடியோ, ஆடியோ சாதனங்களின் டிரைவர்கள் பல, 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியைக் கொடுத்தால் மேல் இலக்கத்தை வெட்டிவிட்டுத் தவறான இடத்தில் எழுதின. கம்ப்யூட்டர் உறைந்தது, நொறுங்கியது, சில நேரம் பூட் ஆகவே மறுத்தது. எனவே வீட்டு, அலுவலக வகைகளில் அந்த முகவரிகளையே தவிர்த்துவிட்டார்கள். சர்வர்களில் மாட்டுவது ஆராய்ந்து தேர்ந்த சாதனங்கள் என்பதால் அங்கே தடையில்லை. விஸ்டா முதல் சர்வீஸ் பேக்கும் விண்டோஸ் சர்வர் 2008-ம் ஒரே கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் ஒரே கருப்பகுதியில், ஓடுபவை. 32 பிட் விஸ்டாவுக்கு எல்லை 4 ஜிபி. அதே 32 பிட்டில் சர்வர் 2008 என்டர்பிரைஸுக்கு 64 ஜிபி. '32 பிட் என்றால் 4 ஜிபிதான், அது கணித விதி' என்று எங்கும் சொல்கிறார்களே, அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, மோசமாக எழுதப்பட்ட டிரைவர்கள் மேல் இருந்த பயம்.

வரலாறு ஒரு பத்திக்கு மேல் தேறாது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது முகவரிக்கு 20 கட்டங்கள், மொத்தம் 1 எம்பி. மேலே 384 கேபியைத் திரைக்கும் ரோம் சிப்புகளுக்கும் கொடுத்துவிட்டு ராமுக்கு 640 கேபி என்றார்கள். '640 கேபி யாருக்கும் போதும்' என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வசனம் சுற்றுகிறது. அவர் சொன்னதற்குச் சான்று கிடையாது, அவரே மறுத்திருக்கிறார். 1985-இல் வந்த இன்டெல் 80386 முகவரியை 32 கட்டங்களாக்கியது. அன்றைக்கு 4 ஜிபி ராம் என்பது எந்த மேஜைக் கம்ப்யூட்டர்க்காரரும் கனவிலும் காணாத அளவு.

இந்தக் குழப்பத்தை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. '4 ஜிபி முழுசாகத் திறக்கும் பேட்ச்' என்று யூடியூபில் விற்பது, கெர்னல் கோப்பையே வெட்டி ஒட்டும் வேலை. சில கணினிகளில் வேலை செய்யவும் செய்யும், பழைய டிரைவர் ஒன்று குறுக்கே வரும்வரை. கூடவே என்ன வைரஸ் வருகிறது என்பது பதிவேற்றியவருக்கே வெளிச்சம். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் அமைப்பில் மெமரி உச்சவரம்பை மாற்றுங்கள் என்பது இன்னொரு வைத்தியம். யாராவது முன்பே அங்கே குறைத்து வைத்திருந்தால் ஒழிய அதனால் ஒரு எம்பிகூட கூடாது. 'ராம் பூஸ்டர்'களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆற்காட்டு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இன்னும் இருந்தால், அல்லது பிஏஇ வசதியுள்ள கெர்னலோடு வேறெந்த லினக்ஸையாவது போட்டால், ஸ்டார்ட்டரின் பூட்டு அதற்குப் பொருந்தாது. சிப்செட் இடம் கொடுக்கும் அளவுக்கு ராம் தெரியும். புராசஸர் 64 பிட் வகை என்றால் 64 பிட் லினக்ஸே போடலாம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குக் காசு செலவழிப்பதில் அர்த்தமில்லை. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் அது முடிந்தது. 32 பிட் வகை உள்ள கடைசி விண்டோஸும் அதுவே. விண்டோஸ் 11-இல் 64 பிட் மட்டுமே.

தோல் தொழிற்சாலைக்காரர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். தோலின் பரப்பை அளந்து சதுர அடிக் கணக்கில் சீட்டு அடிக்கும் இயந்திரத்தோடு ஒரு பழைய 32 பிட் கம்ப்யூட்டர் ஒட்டிக்கொண்டிருந்தால், 64 பிட் விண்டோஸ் போட்ட மறுநிமிடமே இயந்திரத்தின் பழைய டிரைவர் செத்துவிடும். 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்றாது. அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் அப்படியே ஓடவிடுவது மேல். அளவெடுக்கிற வேலைக்கு 3 ஜிபியே தாராளம்.

64 பிட்டில் எண்களுக்குப் பஞ்சமில்லை என்பது சரி. ஆனால் உரிமப் பூட்டு அங்கேயும் தொடர்ந்தது. 64 பிட் விண்டோஸ் 7-இலேயே ஹோம் பேசிக்குக்கு 8 ஜிபி, ஹோம் பிரீமியத்துக்கு 16 ஜிபி, புரொஃபஷனலுக்கு 192 ஜிபி. ராம் வாங்குமுன் இயங்குதளத்தின் பெயரை முழுசாகப் படியுங்கள், கடைசிச் சொல்வரை. இப்போது செல்போன் கடை விளம்பரங்களில் '8 + 8 ஜிபி ராம்' என்று போடுகிறார்களே, அதில் இரண்டாவது எட்டு ராமே இல்லை. போனின் சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிய இடம் அது, ராமின் வேகத்தில் ஒரு சிறு பங்குகூட அதற்கு வராது. அந்த எட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.