பச்சை உடம்புக்காரிக்குத் துணை யார்?

குழந்தை பிறந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காரணமில்லாமல் அழுகை வருவதும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல்படுவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகும் மனம் கனத்துக் கிடந்தால், குழந்தை தூங்கும் நேரத்திலும் தாய்க்குத் தூக்கம் பிடிக்காவிட்டால், எதிலும் நாட்டமில்லாமல் 'நான் நல்ல தாயில்லை' என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தால், அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, 20,043 தாய்மாரின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. அதன்படி 22 சதவீதத் தாய்மாரை, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை, இந்த நோய் பிடிக்கிறது.

இத்தனை பேருக்கு வந்தும் வெளியே தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. நம் பெண்கள் இதை மனநோயாகச் சொல்வதில்லை. 'கைகால் அசதி', 'தலை பாரம்', 'பால் பத்தவில்லை' என்றே சொல்வார்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே அசதியைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம்தான். ஆனால் சத்து மாத்திரையோடு பேச்சு முடிந்துவிட்டால் மனச்சோர்வு கண்ணில் படாமலே போய்விடும்.

வேலூர் சொன்ன காரணங்கள்

இந்த நோயைப் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்று தமிழ்நாட்டுக் கிராமப்புறத்திலேயே நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், கர்ப்பகாலத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களைச் சந்தித்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. 2002இல் வெளியான அந்த ஆய்வு சுட்டிய காரணங்கள் இவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், வீட்டு வேலைக்குக் கைத்துணை இல்லாமை. அதே ஆண்டு வெளியான கோவா ஆய்வும் வறுமை, கணவனின் வன்முறை, பெண் குழந்தை பற்றிய மனக்குறை ஆகியவற்றையே சொன்னது.

இந்தக் காரணங்களில் பெரும்பாலானவை பிரசவத்துக்கு முன்பே தெரிந்துவிடக்கூடியவை. எந்த வீட்டில் பணமுடை, யாருக்குத் தாய்வீட்டு ஆதரவில்லை, எங்கே ஆண் பிள்ளை வேண்டும் என்று நெருக்கடி கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் எட்டாம் மாதத்திலேயே ஒரு சுகாதார செவிலியரால் கேட்டறிய முடியும். தடுப்பு வேலை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

மலையில் கூடும் சுமை

நீலகிரியில் இந்தக் காரணங்கள் தமக்கே உரிய வடிவம் எடுக்கின்றன. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் விடிந்ததும் ஆண், பெண் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையும் மட்டும் வீட்டில் மிஞ்சுவார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் இருந்தாலும், அங்கிருக்கும் அம்மாவும் கொழுந்து பறிக்கப் போனால்தான் கூலி. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் வெயில் முகம் தெரியாது. குழந்தையின் துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித்தான் உலர்த்த வேண்டும். குளிர், ஈரம், மண் சரிந்த சாலை என்று வீட்டோடு அடைந்து கிடக்கும் நாட்கள் நீளும்.

உறவுகள் அறுபட்ட வரலாறும் இங்கே உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்கு மறுவாழ்வு தருவதற்காகவே டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் உருவானது. அப்படி வந்த குடும்பங்களில் அத்தை, சித்தி, பாட்டி என்று ஆளுக்கொரு நாள் வந்து கைகொடுத்த சுற்றம் கடலின் இரு கரைகளிலும் சிதறிப்போனது. படுகரின் ஹட்டி எனப்படும் ஊர்களில் நிலைமை வேறு. உறவினர் வீடுகள் அடுத்தடுத்தே இருப்பதால் கைத்துணை கிடைக்கும். கூடவே உறவினரின் கண்காணிப்பும் இருக்கும். கூடலூர்ப் பகுதியின் பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கோ தொலைவும் யானை நடமாடும் பாதையும்தான் தடை.

பாடம் மட்டும் போதாது

கர்ப்பிணிகளைக் கூட்டி வைத்து மனச்சோர்வு பற்றி ஒரு வகுப்பு எடுத்தால் போதுமா? 2013இல் வெளியான காக்ரேன் ஆய்வு, ஏறத்தாழ 17,000 பெண்கள் பங்கேற்ற 28 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. உளவியல், சமூக ஆதரவு பெற்ற தாய்மாருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பயிற்சி பெற்றவர்கள் வீடு தேடிச் செல்வது, அனுபவமுள்ள தாய் தொலைபேசியில் பேசுவது போன்றவை பலன் தந்தன. வெறும் வகுப்புகளால் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் குழுவினர் செய்த வேலை இன்னும் தெளிவான சான்று. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினரை ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களே 16 முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். பிரசவத்துக்கு முந்தைய மாதம் வாரம் ஒரு முறை, பிறந்த மாதத்தில் மூன்று முறை, அப்புறம் மாதம் ஒரு முறை என்று சந்திப்புகள் அமைந்தன. மாமியாரையும் கணவனையும் உட்கார வைத்து, குழந்தையின் நலனை முன்னிறுத்திப் பேசினார்கள். குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தில் அந்தத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு இருந்தது. மற்றப் பகுதியினரில் அது 53 சதவீதம். 2008இல் வெளியான இந்த முறையைப் பிறகு உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது.

ஆக, சொல்லித்தருவதும் துணைநிற்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். தாய்க்கும் குடும்பத்துக்கும் சொல்லித்தர வேண்டியவை சில. முதல் நாட்களில் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், அது பால் பற்றாக்குறை இல்லை. குழந்தையின் அழுகை ஆறாம் வார வாக்கில் உச்சத்துக்குப் போய்த்தான் குறையும். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. இரவில் ஒரு முறையாவது நாலைந்து மணி நேரம் தாய் தொடர்ந்து தூங்க வேண்டும். அதற்காகக் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தியம் என்ற பேரில் காய், பருப்பு, முட்டையை நிறுத்துவது உடம்பை இன்னும் வாட்டும்.

இருக்கும் பாதைகள்

வீடு தேடிப் போகும் மரபு நீலகிரிக்குப் புதிதில்லை. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்ற தோட்ட உரிமையாளர் சங்கம், 1970களிலேயே தொழிலாளர் குடும்பங்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, இணைப்புப் பணியாளர்களாகப் பயிற்சி தந்து, லயன்களுக்குச் சுகாதாரச் செய்திகளைக் கொண்டுசேர்த்தது. கூடலூரில் 1990இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கி மருத்துவமனை நடத்துகிறது. கிராம சுகாதார செவிலியரும் மலைப்பகுதி ஆஷா பணியாளரும் பிரசவத்துக்குப் பின் எப்படியும் வீட்டுக்கு வருகிறார்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் பார்க்க வேண்டும் என்பது தேசிய நெறிமுறை.

குழந்தையின் எடையைப் பார்க்கப் போகும் அந்தச் சந்திப்புகளில் தாயிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தாயா? எதிலும் விருப்பமில்லாமல் போனதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலின் பத்துக் கேள்விகளைக் கேட்கலாம். 1987இல் உருவான அதற்குத் தமிழ் வடிவமும் உண்டு. பத்தாம் கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது என்பதால் மாமியார் முன்னிலையில் கேட்கக் கூடாது.

வேலைக்குத் திரும்பும் காலமும் சிக்கலானது. 2017 முதல் முதலிரு பேறுகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குறைந்தது ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. காப்பகம் வேலைக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்து, பால் கொடுக்க இடைவேளையும் கிடைத்தால் தாயின் கவலை பாதி குறையும்.

இத்தனைக்குப் பிறகும் நோய் வந்தால் சிகிச்சை உண்டு. ஆலோசனையிலேயே பலர் தேறிவிடுவார்கள். மருந்து தேவைப்பட்டால் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவையும் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஆயிரத்தில் ஓரிரு தாய்மாருக்கு மனம் பிறழ்ந்து, இல்லாத குரல்கள் கேட்பதுண்டு. அப்போது கோடாங்கியிடம் போகாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தங்க நேர்ந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சம் வேண்டாம். தாயால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினாலொழிய, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.