உங்களுக்குத் தெரியுமா? ஏழு பேர், 64 தறிகள்!

● 1953. அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. லண்டன் டேவிஸ்டாக் நிறுவன ஆலோசகர் ஏ.கே.ரைஸ், வேலை பிரிக்கப்பட்டிருந்த விதத்தைக் கவனித்தார்.

● 224 தறிகளில் இழை முடியத் தனி ஆட்கள், நூல் தார் மாற்றத் தனி ஆட்கள் என 12 வகை வேலைகள். இன்னார் இன்ன குழு என்பதே கிடையாது.

● ஏழு பேர் குழுவுக்கு 64 தறிகள், முழுப் பொறுப்பும் அவர்களுக்கே என்றார் ரைஸ். தொழிலாளர்களே கூடிப் பேசிக் குழு சேர்ந்தார்கள். நாளடைவில் உற்பத்தித் திறன் கூடியது. பழுதான துணி குறைந்தது.

● கட்டுமாவடி போன்ற கடலோர ஊர்களில் படகில் கூடப் போகிறவர்களுக்கு மீன்பாட்டில் பங்கு கொடுப்பதும், பொறுப்பைக் குழுவுக்கே பொதுவாக்கும் இதே அறிவுதான்.

● தலைவர்களே, ஆளைக் குறை சொல்லும் முன் வேலைப் பங்கீட்டைச் சரிபாருங்கள்!