தகரப் பெட்டியை மட்டும் நம்பலாமா?

ராபர்ட்சன்பேட்டையில் பல வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அப்பாவின் சுரங்க வேலைக் காகிதங்கள், பிராவிடண்ட் பண்ட் சீட்டு, கல்யாணப் போட்டோ எல்லாம் அதற்குள்தான். 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் போயிற்று, காகிதம்தான் மிஞ்சியது.

எங்கள் பெட்டியில் கரையான் புகுந்துவிட்டது. தலையில் விளக்குத் தொப்பியுடன் அப்பா நிற்கும் படத்தை, நல்லவேளையாக, முன்பே ஸ்கேன் செய்து ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அங்கிருந்ததை அழித்தும் விட்டேன்.

ஒரு நாள் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேஜையிலிருந்து விழுந்தது. 'கட கட' என்று சத்தம். அவ்வளவுதான். படம் போய்விட்டது. இடம் மாற்றி வைத்ததை நான் நகல் என்று நினைத்திருந்தேன்!

உள்ளே என்ன?

கிராமபோன் போல ஒரு தட்டு சுழலும். தலைமயிரின் பருமனைவிடக் குறைந்த உயரத்தில் ஒரு முனை அதன்மேல் ஓடும். அதனால்தான் விழுந்தால் ஆபத்து. நம் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்ட 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் டிஸ்க்கில் 50 தட்டுகள். எடை சுமார் ஒரு டன்! இன்றைய செல்போன் படம் ஒன்றிரண்டுதான் அதில் பிடிக்கும். சட்டைப் பையில் அடங்கும் 1 டி.பி. டிஸ்க்கிலோ சுமார் 2 லட்சம் படங்கள்.

எப்படி அமைப்பது?

டிஸ்க்கை யு.எஸ்.பி. வயரால் செருகுங்கள். 'பார்மேட்' செய்யவா என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். செய்தால் அதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் பேனலுக்குள் 'பைல் ஹிஸ்டரி' இருக்கிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'டர்ன் ஆன்' கொடுத்தால் போதும். டிஸ்க் செருகியிருக்கும் வரை மணிக்கு ஒரு தடவை நகல் எடுக்கும். ஆனால் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற இடங்களில் இருப்பதைத்தான் எடுக்கும். செல்போன் படங்களை முதலில் அங்கே கொண்டு வர வேண்டும்.

முதல் தடவை பல மணி நேரம் ஆகலாம். அடுத்த தடவைகளில் மாறியதை மட்டும் எடுப்பதால் சீக்கிரம் முடியும். விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவு திரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். செருகியே வைத்தால் இடி மின்னலுக்கும் வைரசுக்கும் இரண்டும் சேர்ந்து பலியாகும். 2017-ல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட 'வான்னாகிரை' நினைவிருக்கிறதா?

மாதம் ஒரு தடவை நகலிலிருந்து ஒரு படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். இன்னொரு டிஸ்க் வாங்கி வெளியூரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஸ்கேன் செய்தாயிற்று என்று அசலை எறிந்துவிடாதீர்கள். ஆபீசில் அசலைத்தான் கேட்பார்கள்.

அப்பாவுடன் வேலை பார்த்தவர் ஒருவர் மாரிக்குப்பத்தில் இருக்கிறார். அவர் வீட்டில் ஒரு குரூப் போட்டோ இருக்கிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன், இரண்டு டிஸ்க்குகளோடு.