வழித்தோன்றலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

வழித்தோன்றல் என்பது ஒருவரின் மரபில் அவருக்குப் பின் பிறந்தவரைக் குறிக்கும் சொல் ஆகும். மகவு, பிள்ளை, பேரன், சந்ததி, கால்வழி, வாரிசு முதலிய சொற்கள் அன்றாட வழக்கில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வழங்கினாலும் இவை ஒரே பொருள் தருவன அல்ல. சில பிறப்பையும், சில தலைமுறை வரிசையையும், சில குலத் தொடர்ச்சியையும், சில உடைமை உரிமையையும் குறிக்கின்றன. இவ்வேறுபாடு நடைமுறையில் எத்தகைய விளைவுகளை ஏற்படுத்தியது என்பதற்கு இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியின் வரலாறு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

பிறப்பைக் குறிக்கும் சொற்கள்

மகவு, சேய், குழவி, பிள்ளை ஆகியவை பெற்ற குழந்தையைக் குறிப்பன. மகன், மகள், மக்கள் ஆகியன மகவு என்பதனோடு தொடர்புடையவை. இவற்றுள் மக்கள் என்னும் சொல் பெற்ற பிள்ளைகளையும் பொதுவாக மனிதரையும் குறிக்கும். தொல்காப்பியத்தின் மரபியல் உயிரினங்களின் இளமைப் பெயர்களைத் தொகுத்துக் கூறுகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என அவை ஒன்பது ஆகும். பிள்ளை என்னும் சொல் கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என விலங்குக்கும் மரத்துக்கும் இன்றும் வழங்குகிறது. பனைமரம் மிகுந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் இளம்பனை வடலி எனப்படுகிறது.

தலைமுறைச் சொற்கள்

* பேரன், பேத்தி - மகன் அல்லது மகளின் பிள்ளைகள். இவற்றின் இலக்கிய வடிவம் பெயரன், பெயர்த்தி. பாட்டன், பாட்டியின் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு இடும் வழக்கத்தோடு இச்சொற்கள் தொடர்புடையன.
* கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி - அதற்கு அடுத்த தலைமுறை. இலங்கைத் தமிழர் பூட்டப்பிள்ளை என்பர்.
* எள்ளுப்பேரன், எள்ளுப்பேத்தி - அதற்கும் அடுத்த தலைமுறை.

எச்சம் என்னும் சொல்லுக்கு எஞ்சி நிற்பது என்பது பொருள். நடுவுநிலைமை அதிகாரத்தில் திருக்குறள் ஆளும் இச்சொல்லுக்குப் பரிமேலழகர் மக்கள் எனப் பொருள் கொண்டார். மு. வரதராசன் ஒருவருக்குப் பின் எஞ்சும் புகழும் பழியும் எனக் கொண்டார்.

கிளையும் கொத்தும்

மரபைக் குறிக்கும் சொற்கள் பல தாவரங்களிலிருந்து பெறப்பட்டவை. கொடிவழி, குலக்கொழுந்து, கிளை ஆகியவை இத்தகையன. வடமொழியிலிருந்து வந்த வம்சம் என்னும் சொல்லுக்கும் அம்மொழியில் மூங்கில் என்ற பொருள் உண்டு.

கொண்டையங்கோட்டை மறவரிடையே கிளை என்பது உருவகம் மட்டுமன்று. திருமண உறவைத் தீர்மானிக்கும் குலப்பிரிவும் ஆகும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுப்பில் இவர்களிடையே ஆறு கொத்துகளும், ஒவ்வொன்றிலும் மூன்று கிளைகளும் குறிக்கப்பட்டுள்ளன. மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சு, பனை என்பன அக்கொத்துகளின் பெயர்கள்.

பிள்ளைகள் தாயின் கிளையையே பெறுவர். ஒரே கிளையைச் சேர்ந்தவர்கள் உடன்பிறந்தோராகக் கருதப்படுவதால் அவர்களிடையே மணஉறவு இல்லை. எனவே தந்தையும் அவருடைய சொந்தப் பிள்ளைகளும் வெவ்வேறு கிளையினர் ஆவர். அதேவேளை உடன்பிறந்தாளின் மகனான மருமகன் தன் தாய்மாமனின் கிளையைச் சேர்ந்தவன் ஆகிறான். மகன் என்னும் சொல்லும் கிளை என்னும் சொல்லும் இங்கு வெவ்வேறு வழிகளைக் காட்டுகின்றன.

கீழக்கரை மரைக்காயரிடையேயும் பெண்வழி சார்ந்த ஒரு வழக்கம் உண்டு. திருமணத்தின்போது மகளுக்கு வீடு கொடுக்கப்படுகிறது. கணவர் மனைவியின் வீட்டில் வாழ்கிறார். இதனால் வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது.

சேதுபதி மரபில் உரிமை

இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் செம்பிநாட்டு மறவர் ஆவர். மன்னருக்குப் பிறந்தவர் என்பது மட்டும் அங்கு அரசுரிமை தரவில்லை. 1710-இல் கிழவன் சேதுபதி மறைந்தபின் அவருடைய மகன் பவானி சங்கரன் உரிமை கோரினார். அவருடைய தாய் உரிமை மனைவியாக ஏற்கப்படாததால் அது மறுக்கப்பட்டது. பின்னர் அவர் படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றினார். கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் 1730-ஐ ஒட்டி அவரை அகற்றினர். இதனைத் தொடர்ந்து நாடு பிரிக்கப்பட்டு, சிவகங்கை தனி அரசாயிற்று.

செல்லமுத்து சேதுபதிக்குப்பின் அவருடைய உடன்பிறந்தாளின் மகன் முத்துராமலிங்கர் கைக்குழந்தையாக இருக்கும்போதே பட்டம் பெற்றார். 1795-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1803-இல் அவருடைய உடன்பிறந்தாள் மங்களேசுவரி நாச்சியார் சமீன்தாரிணியானார்.

பிற்காலத்தில் இராமசாமி சேதுபதி ஆண்பிள்ளை இன்றி இறந்தார். அவருடைய கைம்பெண் இராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு சிறுவரைத் தத்தெடுத்தார். கணவரின் வெளிப்படையான அனுமதி இல்லாத தத்து செல்லாது என அரசு வழக்காடியது. 1868-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், திராவிட நாட்டு வழக்கப்படி கணவரின் நெருங்கிய உறவினர் ஒப்புதலோடு செய்த தத்து செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் சட்ட நூலின் வாசகத்தைவிட வலிமையுடையது என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. இந்துச் சட்ட வரலாற்றில் இது இராமநாதபுரம் வழக்கு எனப் பெயர் பெற்றது.

வாரிசு

வாரிசு என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். உரிமை பெறுபவர் என்பது அதன் பொருள். பேச்சு வழக்கில் இது பிள்ளையை, குறிப்பாக ஆண்பிள்ளையைக் குறிக்கிறது. பெண்பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பத்தை வாரிசு இல்லாத குடும்பம் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. சட்டப்படி இது தவறாகும். தமிழ்நாட்டில் 1989-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்நாளில் மணமாகாதிருந்த மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005-ஆம் ஆண்டு நடுவண் அரசின் திருத்தம் இவ்வுரிமையை மணமான மகள்களுக்கும் விரிவாக்கியது.

மேலும், வாரிசு என்பவர் வழித்தோன்றலாக இருக்கவேண்டிய தேவை இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளுள் மகன், மகளுடன் மனைவியும் தாயும் அடங்குவர். எனவே கடலுக்குச் சென்று உயிரிழந்த ஒரு மீனவரின் வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது, அவருடைய தாய் உயிருடன் இருப்பின் அவர் பெயரும் இடம்பெற வேண்டும். அவர் மகனின் வழித்தோன்றல் அல்லர். ஆயினும் மகனின் வாரிசு ஆவார்.