வடிகாலில் தொடங்கும் நெருப்பு

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில், ஹோம் ஃபென் என்ற இடத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. அருகிலிருந்த விட்டில்சி ஏரியை வற்றவைத்து விளைநிலமாக்கியபோது, 1851 வாக்கில் அதை, சதுப்பில் அரைகுறையாக மட்கிய செடிகொடிகள் படிந்து உண்டான பீட் மண்ணுக்குள் முழுவதுமாக இறக்கி, உச்சி தரைமட்டத்தில் இருக்கும்படி நட்டார்கள். இன்று அந்த உச்சி தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிலம் அவ்வளவு தாழ்ந்துவிட்டது. தாழ்ந்த மண்ணை யாரும் வெட்டி அடுப்பில் வைக்கவில்லை, பையில் அடைத்து விற்கவும் இல்லை. நீர் வடிந்ததும் மண் சுருங்கியது. காற்றுப் பட்ட பகுதி மட்கிக் கரியமில வாயுவாகப் போனது. பீட் பற்றிப் பேச்சு வந்தால் அதை எரிப்பவர்களும் செடித் தொட்டியில் கொட்டுபவர்களுமே கூண்டில் ஏற்றப்படுகிறார்கள். கேடு அவர்களுக்கு முன்பே, வடிகால் வெட்டிய அன்றே தொடங்கிவிடுகிறது என்பதை இந்தத் தூண் ஒன்றே காட்டும்.

பாடநூல்களில் நிலக்கரியின் முதல் படியாக ஒரு வரியில் கடந்துபோகிற பொருள் பீட். சாதாரண நிலத்தில் உதிர்ந்த இலையும் செத்த வேரும் சில ஆண்டுகளில் மட்கிவிடும். அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆண்டு முழுதும் நீர் தேங்கிய சதுப்பில் அது உள்ளே எட்டுவதில்லை. குளிர்நாடுகளில் இதோடு ஸ்பேக்னம் என்ற பாசியும் சேர்கிறது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் இந்தப் பாசி, சுற்றியுள்ள நீரைப் புளிப்பாகவும் ஆக்கிவிடும். புளிப்பும் காற்றின்மையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஊறுகாய் ஜாடி இருக்கும் எந்த வீட்டுக்கும் தெரியும். மேலே பாசி வளர வளர, கீழே செத்தது அரைகுறையாக மட்கி அடுக்கடுக்காகப் படிகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். 1950-இல் டென்மார்க்கில் பீட் வெட்டியவர்கள் ஓர் ஆணின் உடலைக் கண்டார்கள். முகம் அப்படியே இருந்ததால் அண்மையில் நடந்த கொலை என்று காவல்துறைக்குச் சொல்லி அனுப்பினார்கள். ‘டோலுண்ட் மனிதன்’ என்று இன்று அறியப்படும் அவர் இறந்து 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. நம் நீலகிரியின் உயர்மலைச் சதுப்புகளிலும் பீட் உண்டு. அங்கிருந்து எடுத்த அடுக்குகளைக் கொண்டு, 20,000 ஆண்டுகளாகப் பருவமழை கூடியதையும் குறைந்ததையும் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் விவரித்தார்கள்.

உலக நிலப்பரப்பில் பீட் நிலங்களின் பங்கு சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் உலகக் காடுகளின் மரம் செடிகள் அனைத்திலும் இருப்பதைவிட அதிகமான கரிமம் அங்கே புதைந்திருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்தோனேசியா பார்த்தது. மத்திய கலிமந்தானில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக்கும் திட்டம் 1996-இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நெல் எதிர்பார்த்தபடி விளையவில்லை. மறு ஆண்டே எல் நினோ வறட்சி. காடழிக்க வைத்த தீ உலர்ந்த பீட்டுக்குள் இறங்கி மாதக்கணக்கில் கனன்றது. புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. அந்த ஆண்டு உலகம் முழுவதும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரித்து வெளியான கரிமத்தில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமமான அளவு இந்தோனேசியத் தீயிலிருந்து வந்திருக்கும் என்பது பின்னர் வந்த மதிப்பீடு. மதிப்பீட்டின் இடைவெளி பெரிது. குறைந்த எண்ணே போதுமான அளவு பயங்கரம். தீ வைப்பது அங்கே புதிதல்ல. ஈரமாக இருந்தவரை நிலம் அதற்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எரிபொருள் என்ற வகையில் பீட்டுக்குப் பெயர்போன நாடு அயர்லாந்து. நீளமான மண்வெட்டியால் செங்கல்போல் வெட்டி, வெயிலில் உலர்த்தி, கணப்பில் எரிப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். வெட்டும்போது அதில் 10-இல் 9 பங்கு நீர்தான். 1946-இல் அமைந்த அரசு நிறுவனமான போர்ட் நா மோனா இதைப் பெருந்தொழிலாக்கி மின்நிலையங்களுக்குக் கொடுத்தது. 2021-இல் வெட்டுவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரியைவிட பீட் அதிகக் கரியமில வாயுவை விடுகிறது. ‘செடியிலிருந்து வந்ததுதானே, மறுபடி வளரும்’ என்ற வாதம் பின்லாந்து வரை ஒலித்தது. வளரும், மறுப்பதற்கில்லை. ஆனால் 1 மீட்டர் ஆழத்தை ஓர் இயந்திரம் சில பருவங்களில் சுரண்டிவிடும். அது மீண்டும் சேர 1,000 ஆண்டு வேண்டும். ஏழைக் குடும்பத்தின் கணப்பை அணைப்பது நியாயமா என்ற கேள்விக்கு வலு அதிகம். அயர்லாந்து 2022-இல் கடைகளிலும் இணையத்திலும் பீட் விற்பதைத் தடுத்தபோது, வெட்டும் உரிமை உள்ள குடும்பங்களைத் தொடவில்லை. அது சரி என்றே நினைக்கிறேன். ஒரு வீட்டின் ஓராண்டுத் தேவைக்கு யாரும் ஒரு மாவட்டத்தையே வற்றவைப்பதில்லை.

தோட்டக்காரருக்குப் பீட் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. நீரையும் காற்றையும் ஒருசேரப் பிடிக்கும், எடை குறைவு, களைவிதையும் நோயும் அரிது, சத்து ஏறக்குறைய இல்லாததால் வேண்டிய உரத்தை அளந்து சேர்க்கலாம். நாற்றுப் பண்ணைக்கு இதைவிட வசதியானது கிடைப்பது கடினம். எரிக்கவில்லையே, மண்ணோடுதானே சேர்க்கிறோம் என்பது அவர்கள் தரப்பு. ஆனால் காற்றோட்டமுள்ள தொட்டியில் அது மட்கியே தீரும். அடுப்பில் ஒரு மாலையில் போவது இங்கே சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். தடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் அயர்லாந்தே காட்டியது. உள்நாட்டில் தோட்டப் பீட் வெட்டுவது சட்டச் சிக்கலில் நின்றபோது, 2021-இல் லாட்வியாவிலிருந்து சுமார் 3,600 டன் பீட் கப்பலேறி வந்தது. வடிகால் இடம் மாறியது, வேறொன்றும் மாறவில்லை.

மாற்றுப்பொருள் என்று உலகம் கைநீட்டும் இடங்களில் பொள்ளாச்சியும் ஒன்று. தேங்காய் மட்டையில் நார் உரித்தபின் மிஞ்சும் தூள் ஒரு காலத்தில் ஆலைகளின் பின்புறம் குவிந்து கிடந்தது. இன்று அதைக் கழுவி, உலர்த்தி, 5 கிலோ கட்டியாக அழுத்தி, ‘கோகோபீட்’ என்று ஏற்றுமதி செய்கிறார்கள். ஆண்டுதோறும் காய்க்கிற மரத்தின் கழிவு என்பதால் இதற்குச் சதுப்பு எதையும் வற்றவைக்க வேண்டாம். ஆனால் தூளிலுள்ள உப்பைப் போக்க நல்ல தண்ணீர் ஏராளமாக வேண்டும். கழுவி விட்ட பழுப்பு நீர் கிணறுகளில் இறங்குவதாக உழவர்கள் புகார் சொல்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை மாசு மிகக் குறைவான ‘வெள்ளை’ வகையிலிருந்து மாசு கூடுதலான ‘ஆரஞ்சு’ வகைக்கு மாற்றியது. இதைக் காட்டிப் பீட்டே மேல் என்பவர்களும் உண்டு. கழுவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வழி இருக்கிறது, அதற்குச் செலவாகும். அந்தச் செலவு ஐரோப்பியத் தோட்டக்காரர் கொடுக்கும் விலையில் ஏற வேண்டும். சுரண்டிய பீட்டுக்கு அப்படி எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது.

கேடு வடிகாலில் தொடங்குவதால், சீரமைப்பும் அங்கேயே. பீட் வெட்டிய அதே போர்ட் நா மோனா இப்போது சுமார் 33,000 ஹெக்டேரில் அரசு நிதியுதவியோடு வடிகால்களை அடைத்து நிலத்தை நனைக்கிறது. நனைந்த சதுப்பு மீத்தேன் விடுமே என்று அறிவியல் தெரிந்தவர்கள் கேட்பார்கள். விடும், கரியமில வாயுவைவிட அது வெப்பத்தைக் கடுமையாகப் பிடிக்கவும் செய்யும். ஆனால் மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே தங்கும். வற்றிய நிலம் விடும் கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் மீத்தேனுக்கு அஞ்சி வடிகாலைத் திறந்தே வைப்பதைவிட, இப்போதே அடைத்துவிடுவதுதான் லாபம்.